கிராம்பு மூட்டைகளும் பதினெட்டுப் பேரும்

செப்டம்பர் 3, பில்பாவோ

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் 31 வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மகள் இங்கே ஸ்பெயினில் பில்பாவோ நகரத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். "அப்பா, ஒரு வாரம் லீவு போடுறேன். பார்சிலோனாவா, மாட்ரிட்டா?" என்று கேட்டாள். எல்கானோ என்றேன். ஊர் பெயர் என்று நினைத்துப் போனில் தேட ஆரம்பித்துவிட்டாள்.

உலகத்தை முதலில் கப்பலில் சுற்றியவர் யார் என்ற கேள்விக்குப் பள்ளிக்கூடத்தில் மெகல்லன் என்று எழுதி ஒரு மார்க் வாங்கியவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீசில் ஒரு பெரியவர் இதையே கேட்டார். மெகல்லன் என்றேன். "அவர் பாதி வழியிலேயே செத்துப்போனாரே தம்பி, அப்ப கப்பலை யார் ஓட்டிக்கிட்டு வந்தது?" என்றார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1519 செப்டம்பர் 20 அன்று ஐந்து கப்பல்களில் சுமார் 240 பேர் ஸ்பெயினை விட்டுப் புறப்பட்டார்கள். மேற்கே போய், இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் மலுக்குத் தீவுகளின் வாசனைச் சரக்கைப் பிடிப்பதுதான் நோக்கம். தலைவர் போர்த்துக்கீசியரான மெகல்லன். அவர் 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மாக்தான் தீவில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். கடைசியில் மிஞ்சிய 'விக்டோரியா' கப்பலை இந்தியப் பெருங்கடல் வழியாக ஓட்டி, 1522 செப்டம்பர் 6 அன்று ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஹுவான் செபாஸ்தியான் எல்கானோ. கூட வந்தவர்களையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர்.

மனைவி வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பிவிட்டாள். 12 வருடமாக விடாத நேர்த்திக்கடன். அவளுக்குப் போன் பேச வசதியாக என் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 4, கெதாரியா

எல்கானோ பிறந்த ஊர். வட ஸ்பெயினில் பாஸ்க் நாட்டுக் கடற்கரையில், ஒரு கைப்பிடி அளவு ஊர். பஸ்ஸில் சராவுத்ஸ் வரை போய், அங்கிருந்து கடலோரமாகவே நாலு கிலோமீட்டருக்கு மேல் நடந்தோம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அலை. வழி முழுக்கத் தூறல். குடை பிடித்தால் வீண், பிடிக்காவிட்டால் நனைவோம், அப்படி ஒரு மழை. இதற்கு இந்த ஊரில் 'சிரிமிரி' என்று பெயராம். சாரலுக்கு இதைவிட நல்ல பெயரை நாமே வைத்திருக்க முடியாது. புது ஷூவுக்குள் தண்ணீர் போய் ஊர் சேர்வதற்குள் இடது குதிகாலில் கொப்புளம்.

ஊருக்கு முன்னால் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு குன்று. எலி படுத்திருப்பது போல இருப்பதால் 'கெதாரியா எலி' என்றே சொல்கிறார்கள். அதன் வால்தான் ஊரோடு சேர்கிறது. ஊருக்குள் எல்கானோவுக்குச் சிலைகள் உண்டு. அவை போதாதென்று, அந்தப் பயணத்தின் நானூறாவது ஆண்டையொட்டிப் பழைய கோட்டைச் சுவரின் மேல் விக்டோரியோ மாச்சோ என்ற சிற்பி ஒரு பெரிய நினைவுச் சின்னமும் கட்டியிருக்கிறார். கப்பல் முகப்பில் இருக்குமே, அந்த மாதிரிக் கடலைப் பார்த்து ஒரு பெண்ணுருவம். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரம்தான். கிட்டப் போனால் கொஞ்சம் கனமாகவே தெரிகிறது. இந்தச் சின்ன ஊருக்கு இத்தனை கல் தாங்குமா என்று தோன்றியது.

எனக்குப் பிடித்தது சான் சால்வதோர் கோயில். உள்ளே நுழைந்ததும் கால் தடுமாறியது. மழையில் நடந்த களைப்பு என்று நினைத்தேன். இல்லை, தரையே சாய்வு! பீடத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. சுவர்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. கிடைத்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள். கோயிலுக்கு அடியில் ஒரு சந்து குடைந்து துறைமுகத்துக்குப் போகிறது. கோயில் மேலே, மீன்காரர்கள் கீழே. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது, ஒரு பக்கம் சரியும் கப்பல் தளத்தில் இருப்பது போலவே இருந்தது. நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல்களில் ஏறி இறங்கிய எனக்கு அந்த உணர்வு புதிதல்ல, ஆனால் கோயிலுக்குள் இதுதான் முதல் தடவை.

எல்கானோவுக்கு இங்கே கல்லறை என்று எதுவும் இருக்க முடியாது. 1525இல் இரண்டாவது முறை அதே தீவுகளுக்குக் கிளம்பியவர், 1526இல் பசிபிக் நடுவே இறந்தார். உடலைக் கடலில்தான் விட்டார்கள். சாவதற்குச் சில நாள் முன்பு, ஜூலை 26 அன்று கப்பலிலேயே உயில் எழுதினார். ஊர்க் கோயில்களுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறார். அலிகாந்தேயில் ஒரு தலத்துக்கு யாத்திரை போவதாக நேர்ந்திருந்தாராம், போக முடியவில்லை. தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்பச் சொல்லிப் பணம் ஒதுக்கியிருக்கிறார். மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அந்த உயிலில் பெரிய வரவாக அவர் நம்பியிருந்தது ராஜா கொடுத்த பென்ஷன். உலகைச் சுற்றி வந்ததற்கு முதலாம் கார்லோஸ் ஆண்டுக்கு 500 தங்க டுகாட் என்று அறிவித்தார். அறிவித்ததோடு சரி. காசு கைக்கு வரவே இல்லை. மகன் போன பிறகு அம்மா கத்தலினா தெல் புவெர்த்தோ அந்தப் பாக்கிக்காக அரசாங்கத்தோடு வருடக்கணக்கில் வழக்காடினார். ஊரெல்லாம் மகனுக்குச் சிலை இருக்கிறது. எனக்கென்னவோ ஒரு சிலை அந்த அம்மாவுக்கும் வைத்திருக்கலாம்.

டூரிஸ்ட் ஆபீசில் கொடுத்த மடிப்புத் தாளில் எல்கானோவின் சின்னத்தைப் பார்த்தோம். காசு தராத ராஜா கேடயச் சின்னம் மட்டும் தாராளமாகக் கொடுத்தார். மேலே உலக உருண்டை. அதைச் சுற்றி லத்தீனில், 'முதலில் என்னைச் சுற்றி வந்தவன் நீயே' என்று உருண்டையே சொல்வது போல ஒரு வாசகம். மேல் பாதியில் கோட்டை. கீழ்ப் பாதியில் குறுக்காக வைத்த இரண்டு பட்டை, மூன்று சாதிக்காய், பன்னிரண்டு கிராம்பு.

மகள் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இது பிரியாணி மசாலா."

எண்ணிப் பார்த்தேன். சாதிக்காய்தான் அதிகம். மற்றபடி அளவு சரி.

தெருவிலேயே கரி அடுப்பு வைத்து முழு மீனைக் கம்பிக் கூண்டில் மாட்டி வாட்டுகிறார்கள். உப்பும் எண்ணெயும் தவிர ஒன்றும் போடவில்லை. கேடயத்தில் இருக்கும் மசாலா அடுப்புப் பக்கம் வரவே இல்லை. ஆனாலும் மீன் பிரமாதம்.

செப்டம்பர் 5, விமானம்

பில்பாவோவிலிருந்து தெற்கே செவில்லாவுக்கு. எழுத அதிகம் இல்லை. இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. நேற்றைய சிரிமிரியும் இதுவும் ஒரே நாடு என்று நம்ப முடியவில்லை.

விமானத்தில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மகள் கேலி செய்தாள். அப்போது அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். 1522 ஜூலையில் விக்டோரியா கப்பல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்தே தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. போர்த்துக்கீசியர் இடம், அதாவது எதிரி இடம். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் படகை அனுப்பினார்கள். கரைக்குப் போகிறவர்களிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று மட்டும் கேட்டுவரச் சொன்னார்களாம். வியாழன் என்று பதில் வந்தது. கப்பல் கணக்கில் அது புதன். மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதிய பிகாஃபெட்டா என்ற இத்தாலியருக்குத் தலை சுற்றிவிட்டது. எங்கேயும் தப்பு விடவில்லையே! சூரியன் போகும் திசையிலேயே உலகைச் சுற்றியதால் ஒரு நாள் கழிந்துபோனது என்பது பிறகுதான் புரிந்தது.

இன்னொன்று. அதே பிகாஃபெட்டா தன் புத்தகத்தில் எல்கானோவின் பெயரை ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. மெகல்லனின் விசுவாசி அவர். எல்கானோவோ 1520இல் தென் அமெரிக்காவின் படகோனியாவில் மெகல்லனுக்கு எதிராகக் கலகம் செய்தவர்களோடு சேர்ந்து, மன்னிக்கப்பட்டவர். அவர் ஓட்டிய கப்பலில் ஊர் வந்து சேர்ந்துவிட்டு அவர் பெயரையே விட்டுவிடுவதென்றால், அந்தக் கோபம் எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 6, சான்லூகர்

வேண்டுமென்றே இந்தத் தேதிக்குத்தான் இந்த ஊருக்குத் திட்டம் போட்டேன். குவாதல்கிவீர் ஆறு கடலில் கலக்கும் இடம். செவில்லாவிலிருந்து பஸ்ஸில் வந்தோம். அக்கரையில் தோன்யானா காடு பச்சைக் கோடாகத் தெரிகிறது. இக்கரையில் மணல், படகுகள், வரிசையாக இறால் கடைகள். நான் நின்ற இடத்தில், நின்ற நேரத்தில் மேளதாளம் எதுவும் இல்லை. குழந்தைகள் ஆற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்கானோ இங்கே நங்கூரம் போட்ட அன்றே ராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமிழில் போட்டால் இரண்டு பக்கம் தாண்டாது. மேற்கே போய்க் கிழக்கே வந்து உலகத்தின் வட்டம் முழுவதையும் சுற்றிவிட்டோம் என்று ஒரு வரி. பசி, தாகம், இரவு பகலாகத் தண்ணீர் இறைத்தது பற்றிச் சில வரிகள். அப்புறம் ஒரு கோரிக்கை: கேப் வெர்தேயில் போர்த்துக்கீசியர் பிடித்துவைத்திருக்கும் பதின்மூன்று பேரை எப்படியாவது மீட்டுத் தாருங்கள்.

அந்தப் பதின்மூன்று பேர் மாட்டியதற்குக் காரணமே கிராம்பு. கரையில் சாமான் வாங்கக் கையில் காசு இல்லை. கிராம்பைக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறோம் என்று பொய் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவில் ஏது கிராம்பு? போர்த்துக்கீசியர் படகைப் பிடித்துக்கொண்டார்கள். எல்கானோ உடனே பாய் விரித்து ஓடினார். ஆட்களை விட்டுவிட்டு ஓடியவர் என்றும் சொல்லலாம், அவர்களை மறக்காதவர் என்றும் சொல்லலாம். கடிதத்தைப் படித்தால் இரண்டாவதைச் சொல்லத்தான் எனக்கு மனசு வருகிறது.

இனி என் தொழில். சரக்கு 381 மூட்டை கிராம்பு. கூடவே கொஞ்சம் பட்டை, சாதிக்காய், சாதிபத்திரி. ஐந்து கப்பலில் ஒன்றுதான் சரக்கோடு திரும்பியும், அந்த ஒரு கப்பல் சரக்கே மொத்தச் செலவையும் ஈடுகட்டியது என்று கணக்குப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஓட்டைக் கப்பலில், இந்தியப் பெருங்கடலைத் தெற்காகச் சுற்றிக்கொண்டு, உப்புத் தண்ணீர் படாமல் அத்தனை கிராம்பைக் கொண்டுவந்தது எப்படி? நனைந்த கிராம்புக்கு என்ன விலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆள் நனைந்தாலும் மூட்டை நனையக் கூடாது. பாதி வழியில் எடையைக் குறைக்கச் சரக்கைக் கடலில் எறிந்திருந்தால் இன்னும் சிலர் பிழைத்திருப்பார்களோ என்று ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது.

ஊருக்குள் ஒரு சுவரில் பதினெட்டுப் பேரின் பெயரையும் ஓடுகளில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். அல்போ என்பவர் கிரேக்கர், கப்பலின் வழிகாட்டிக் குறிப்பேட்டை எழுதியவர். ஆஹன் நகரத்து ஹான்ஸ் பீரங்கிக்காரர், ஜெர்மானியர். புஸ்தமாந்தே நாவிதர். முடி வெட்டுவதோடு வைத்தியமும் அவர்தான் பார்த்திருக்கிறார், நம் ஊரில் முன்பு இருந்தது போலவே. திரும்பி வந்த பிறகு ராஜா உத்தரவில் விசாரிக்கப்பட்ட மூன்று பேரில் அவரும் ஒருவர். சுபிலேத்தா என்பவன் எடுபிடிப் பையன். மூன்று வருடம் கடலில் வளர்ந்து இளைஞனாக இறங்கியிருக்கிறான்.

பெயர் இல்லாதவர்களும் உண்டு. 1521 டிசம்பர் 21 அன்று மலுக்குத் தீவுகளில் ஒன்றான திதோரேயிலிருந்து விக்டோரியா கிளம்பும்போது ஐரோப்பியர் 47 பேர், தீவுக்காரர்கள் 13 பேர் என்று பிகாஃபெட்டாவே எழுதியிருக்கிறார். தீவுக்காரர்களில் சிலர் உயிரோடு இந்தக் கரைக்கு வந்தார்கள். ஓட்டில் அவர்கள் இல்லை. பதினெட்டு என்பது ஐரோப்பியர் கணக்கு. வழியில் செத்தவர்களைக் கடலில் போட்டபோது, கிறிஸ்தவர்கள் வானத்தைப் பார்த்து மிதந்தார்கள், தீவுக்காரர்கள் குப்புற மிதந்தார்கள் என்றும் அதே புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. பசியில் செத்த உடம்பிலும் பேதம் பார்த்திருக்கிறார் மனிதர்.

அப்புறம், 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் விழுந்தபோது மெகல்லன் பிடித்துவந்த அடிமை என்ரிக்கே. தமிழ் வியாபாரிகள் நிறைந்திருந்த அந்த மலாக்காதான். ஐரோப்பாவுக்குப் போய், மேற்கு வழியாகப் பிலிப்பைன்ஸ் வரை வந்தார். அங்கே அவர் பேசிய மலாய் கரையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. மெகல்லன் செத்ததும் விடுதலை என்று உயிலில் இருந்தது. கொடுக்க மறுத்தார்கள். சில நாளில் ஆள் மறைந்துபோனார். அங்கிருந்து அவர் ஊர் போய்ச் சேர்ந்திருந்தால், 'முதலில் என்னைச் சுற்றி வந்தவன் நீயே' என்பது யாருக்குச் சேர வேண்டிய வாசகம்?

மகள் இறாலை உரித்துக்கொண்டே, "அப்பா, நாம எல்கானோவைக் கொண்டாட வந்தோமா, கேஸ் போட வந்தோமா?" என்றாள். இரண்டும்தான்.

செப்டம்பர் 7, செவில்லா

கொப்புளம் உடைந்துவிட்டது. மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டு அரை நாள் அறையில் படுத்திருந்தேன்.

மாலையில் தங்கக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஆற்றில் கட்டி நிறுத்தியிருக்கும் விக்டோரியாவின் நகல் கப்பலைப் பார்த்தோம். சுமார் 26 மீட்டர் நீளம். தூத்துக்குடிக்காரன் கண்ணுக்கு அது நம்ம ஊர்த் தோணி அளவுதான். மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமென்டும் ஏற்றிப் போகுமே, அது. தளத்தில் நின்று கையை நீட்டினால் யாரோ ஒருவர் மேல் இடிக்கும். இதில் அறுபது பேர், மூட்டைகளோடு.

1992 உலகக் கண்காட்சிக்காக முன்பு கட்டிய இன்னொரு நகல், 1991இல் தண்ணீரில் இறக்கிய அன்றே எல்லார் கண் முன்னாலும் கவிழ்ந்ததாம். அதைத் தூக்கிச் சரிசெய்து, பிறகு 2004 முதல் 2006 வரை அதே கப்பல் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. எனக்கு அசல் கப்பலைவிட இந்தக் கவிழ்ந்த கப்பல் மேல் பாசம் வந்துவிட்டது.

செப்டம்பர் 8, திரியானா

1522இல் விக்டோரியா செவில்லா துறைக்கு வந்து நின்றது இதே செப்டம்பர் 8 அன்று. மறுநாள் செவ்வாய்க்கிழமை, பதினெட்டுப் பேரும் சட்டையோடு, வெறுங்காலோடு, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏந்தி இரண்டு மாதா கோயில்களுக்கு நடந்தார்கள். கடலில் வைத்து நேர்ந்துகொண்டது. ஒன்று திரியானாவில் இருந்த வெற்றி மாதா மடம், இன்னொன்று செவில்லாவின் பெரிய கோயிலான கதீட்ரலில் உள்ள பழைய மாதா பீடம். மடம் இப்போது இல்லை. அங்கிருந்த சுரூபம் திரியானாவின் சாந்தா ஆனா கோயிலில் இருக்கிறது.

நாளை காலை ஊருக்கு விமானம் என்பதால் ஒரு நாள் முன்னதாக இன்றே நடந்தோம். சாந்தா ஆனாவிலிருந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கொப்புளம் ஒரு காரணம். முழுக் காரணம் அது இல்லை என்று மகளுக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் அவளும் செருப்பைக் கழற்றினாள். அன்றைக்கு அவர்கள் ஆற்றைக் கடந்தது படகுகளைக் கோத்துக் கட்டிய பாலத்தில். எங்களுக்கு இரும்புப் பாலம். காலை பத்து மணிக்கே தரை சுட்டது. வேளாங்கண்ணி ரோட்டின் தார் அளவுக்கு இல்லை.

பெரிய கோயிலில் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். பழைய மாதா பீடம் வலது பக்கம். சுவரில் வரைந்த ஓவியம், ஆளைவிடப் பெரியது, பின்னால் தங்க நிறம். மாதா கையில் ஒரு ரோஜா. கல் தரை சில்லென்று இருந்தது. மூன்று வருடம் ஆடிக்கொண்டே இருந்த கால்களுக்கு இந்தத் தரை ஆடாமல் நின்றிருக்குமா? சிலர் கொலம்பஸ் கல்லறையைத் தேடி எங்களைத் தாண்டிப் போனார்கள். காவலர் ஒருவர் என் காலைப் பார்த்தார், பிளாஸ்திரியைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஊரில் பிற்பகல் மூன்றரை. போன் போட்டேன். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம், கூட்டச் சத்தம். கடலில் போய்க் கால் நனைத்துவிட்டாளாம், சாயங்காலம் கொடி இறக்கம் பார்த்துவிட்டுத்தான் வேன் ஏறுவார்களாம். நான் பதினெட்டுப் பேர் கதையை ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வந்து சொல்லுங்க," என்றாள். "மெழுகுதிரி ஏத்தினீங்களா?"

மகள் அதற்குள் எழுந்து கடை தேடப் போய்விட்டாள்.